துளைக்கோட்டில் கிழித்தது

ஈச்சங்காட்டுக்கும் குடிகாட்டுக்கும் நடுவில்
சிப்காட் சாலையோரம்
மரைக்காயர் எடைமேடை.
இரவு பத்திலிருந்து ஆறு வரை நான்.
பி.எஸ்சி. கணக்கு; இரண்டு அரியர் இன்னும் பாக்கி.

இந்தச் சீட்டுக்கட்டை அச்சடித்தவன் தூங்கி வழிந்திருக்கிறான்.
எண் போய்த்
துளைக்கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.
கிழித்தால் மூன்று இலக்கம் டிரைவருக்கு,
நான்கு இலக்கம் கல்லாவுக்கு.
மரைக்காயர் பார்த்தார்.
"எடை சரியா இருந்தா போதும்."

துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றிப் போகும் கலியவரதன்
உருகுறதுக்குள்ள குடு பூரணிக்கா என்று
ஆரனிலிருந்து கை எடுக்கவில்லை.
கிழித்தேன்.
588 அவனோடு போயிற்று.
2353 என் கையில்.
வண்டி நின்ற இடத்தில் கொஞ்சம் தண்ணீர்.

கரண்ட் போனது. வேலை இல்லை.
அடிக்கட்டையின் பின்பக்கம், மெழுகுவத்தி வெளிச்சத்தில்,
அவன் பாதியை அதனாலேயே பெருக்கினேன்:
மூன்று லட்சத்து நாற்பத்தைந்தாயிரத்து எழுநூற்று நாற்பத்து நாலு.
என் பாதியை அதனாலேயே:
ஐம்பத்தைந்து லட்சத்து முப்பத்தாறாயிரத்து அறுநூற்று ஒன்பது.
கூட்டினேன்.

58,82,353.

கிழித்த சீட்டு
ஒட்டாமலேயே ஒட்டிக்கொண்டு
என்னைப் பார்த்தது.

கை தவறியிருக்கும் என்று மறுபடி போட்டேன்.
முந்தைய சீட்டுக்கும் போட்டேன்: 4704 குறைகிறது.
அடுத்ததற்கு: 4706 கூடுதல்.
இது ஒன்றில்தான் முள் நடுவில் நிற்கிறது.

பிறகு நாலு இரவு அதை உடைக்கப் பார்த்தேன்.
மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று
பகா எண்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டேன்.
ஒவ்வொன்றும் கையில் மீதியோடு வெளியே வந்தது.
2423 வரை போனேன்.
அதற்கு மேல் தேவையில்லை என்று தெரிந்தும்
2437ஐயும் ஒரு தரம்.
யாருக்கும் பங்கு கொடுக்காத எண்.

வகுபடாததைப் பெருக்கியாவது பார்க்கலாம்.
இலக்கங்களைக் கூட்டினால் முப்பத்து நான்கு,
அதில் பாதி பதினேழு,
வேறு காரணம் இல்லை, பதினேழால் பெருக்கினேன்.

10,00,00,001.

பத்துக் கோடியே ஒன்று.
ஜன்னலில் தெரியும் சாலை இதுதான்:
இந்த முனையில் ஒரு விளக்கு,
அந்த முனையில் ஒரு விளக்கு,
நடுவில் ஏழு கம்பம் எரிவதே இல்லை.
புகார் எழுதிப் போட்டு இரண்டு வருஷம்.

ஐந்தாம் நாள் கலியவரதன் வந்தான்.
கம்பெனிக் கணக்கர் சீட்டை வாங்க மறுத்தாராம்,
"வெறும் 588ஆ, மீதி எங்கே?" என்று.
சொன்னேன்: உன் பாதி இருந்தாலே போதும்,
மற்ற பாதியைக் கணக்குப் போட்டே பிடித்துவிடலாம்.
அதற்கு ஒரே ஜோடிதான்.
"உங்களோடதுக்கு?"

இரண்டு.
588ம் சேரும், 9412ம் சேரும்.
இரண்டையும் கூட்டினால் சில்லறையில்லாமல் பத்தாயிரம்.
ஆனால் 9412இல் தொடங்கும் அந்தச் சீட்டு,
நாளைக்கு நூறு வண்டி என்று வைத்தாலும்,
இன்னும் இரண்டாயிரத்து நானூறு வருஷம் கழித்துத்தான்
இந்த ஜன்னலுக்கு வரும்.
அன்றைக்கு உப்பனாறு எந்தப் பக்கம் ஓடுமோ.

சிரித்தான். அல்லது கொட்டாவி விட்டான்.
"இதக் காட்டுனா டீசல் போடுவானா?"

போட மாட்டான்.
கார்பன் வைத்து வேறு சீட்டு எழுதினேன்.
எடை: அன்றைக்கு இருந்த ஐஸின் எடை.
அந்த ஐஸ் இப்போது எங்கும் இல்லை.
மீன் எங்கேயோ குழம்பாகியிருக்கும்.
பழைய பாதியைக் கேட்டேன்.
"கெடக்கட்டும்" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

பண்ருட்டியிலிருந்து பலாச்சுமை ஒன்று
வாசனை முன்னே வர, மேடை ஏறியது.
அடுத்த சீட்டு.
சேராது என்று தெரியும்.
கிழிக்கிறேன்,
பென்சில் அதுபாட்டுக்குப் பின்பக்கம் திரும்புகிறது.